மறு: ரோசேசியாவுக்குத் தமிழில் என்ன போடலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
நோயாளிகளுக்கான கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். ரோசேசியா என்ற தோல் நோய்க்கு வரைவில் 'செம்பரு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

தோல் மருத்துவர்:
> செம்பரு
பரு வேண்டாம். முகப்பருவில் மயிர்த்துளை அடைத்துக் கரும்புள்ளி வரும்; இதில் வராது. மூக்கு, கன்னம், நெற்றி, முகவாய் என முகத்தின் நடுப்பகுதி சிவந்து, தோலுக்கடியில் மெல்லிய நாளங்கள் தெரியும். சிலருக்குக் கொப்புளமே கிடையாது. கண் உறுத்தி எரிவதும் உண்டு. பெயரில் பரு இருந்தால் பருவுக்கான களிம்பைப் பூசி இன்னும் எரிய வைத்துக்கொள்வார்கள்.

தமிழாசிரியர்:
அப்படியானால் 'செம்முக அழற்சி'. செம்மை, முகம் சேர்ந்து ஈறு கெட்டுச் செம்முகம். முயல் முயற்சி ஆனதுபோல் அழல் அழற்சி ஆனது. அழல் என்றால் நெருப்பு; தழலும் தணலும் அதன் உறவினர் என்பது என் நெடுநாள் எண்ணம். 'ழ'வும் 'ண'வும் இடம் மாறுவதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, வெள்ளிக்கிழமை!

தோல் மருத்துவர்:
அழற்சிக்கு முழு ஆதரவு. தோலின் பிறவி நோயெதிர்ப்பு மிகையாகச் சீறுவதுதான் இங்கே சங்கதி. கேத்தலிசிடின் என்ற புரதத்தைக் கல்லிக்ரீன் நொதி வெட்டி எல்எல்-37 என்ற சிறு துண்டாக்குகிறது. அது அளவுக்கு மீறும்போது அழற்சி கிளம்புகிறது, புது நாளங்களும் முளைக்கின்றன. முகத்தோலில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணிகள் பெருகுவதும் தூபம் போடுகிறது. வெயில், சூடான பானம், காரம், மது எல்லாம் தூண்டிகள். ஆனால் 'செம்' இடிக்கிறது. கருந்தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. தோல் கூடுதலாகக் கறுத்தோ ஊதா கலந்தோ தோன்றும், காந்தும். அதனால்தான் இந்த நோய் அங்கே பலமுறை கண்ணில் படாமலே போகிறது. பெயரும் சிவப்பைத் தேடச் சொன்னால்?

தமிழாசிரியர்:
ரோசேசியாவிலும் ரோஜா நிறம்தானே இருக்கிறது? லத்தீன்காரனிடம் கேட்காத கேள்வியைத் தமிழனிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள், டாக்டர்?

மாணவி:
'முகநடு அழற்சி' என்றால்?

தமிழாசிரியர்:
நடுகல் நினைவுக்கு வருகிறதம்மா.

மொழிபெயர்ப்பாளர்:
இதே நோயில் சிலருக்கு வரும் ரைனோஃபைமாவுக்கு 'மூக்குத் தடிப்பு' என்று போட்டேன், யாரும் வாய் திறக்கவில்லை. அதே கருணையை இங்கேயும் காட்டுங்கள். தலைப்பில் 'ரோசேசியா', முதல் வரியில் 'நாள்பட்ட முக அழற்சி' என்று விளக்கம். மூன்று பேர் சரி என்றுவிட்டார்கள்.

தோல் மருத்துவர்:
முகத்தில் வேறு அழற்சிகளும் வரும். இருந்தாலும் சரி, ஓடட்டும்.

தமிழாசிரியர்:
ஓடட்டும். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். தணல் பற்றிய மடல் நாளை.