பேமன்ற் லைப்ரரிக்கு டொக்ஸ் எழுதுவது: எதை முதலில் எழுதலாம்?

பனையோலை

வணக்கம். கொக்குவிலில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன பிஎச்பி லைப்ரரி (மற்றவர்கள் தங்கள் சைற்றில் எடுத்துப் பாவிக்கிற கோட்) எழுதியிருக்கிறோம். பிஎச்பியில் சைற் செய்ய உதவுகிற லாரவெல்லில் கடை வெப்சைற் செய்கிறவர்கள், பேஹியர் என்ற இணையக் கட்டணச் சேவை வழியாகக் காட் மூலம் காசு எடுப்பதற்கானது. ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி என்று வெளிநாட்டில் இருக்கிற எங்கட சனத்துக்கு விற்கிற கடைகள் இப்போது கன இடத்தில் இருக்கின்றன, அவர்களுக்குச் சைற் செய்து கொடுக்கிற பெடியங்கள்தான் இதை எடுக்கிறார்கள். கோட்டைப் பகிர்கிற கிற்ஹப்பில் போட்ட பிறகு ஒரே இரண்டு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "காசு கட்டியாச்சு, ஓடர் இன்னும் பெண்டிங்கில் நிற்குது", "ஹாஷ் பிழை என்று வருது" (ஹாஷ் என்பது அனுப்புகிற விவரங்கள் மாறவில்லை என்று காட்டுகிற சரிபார்ப்புக் குறி). லைப்ரரியோடு வருகிற ரீட்மீ கோப்பில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் விளக்கம் இருக்கிறது, இருந்தும் இந்தக் கேள்விகள் குறையவில்லை. டொக்ஸை, அதாவது பாவிக்கிறவர்களுக்கான விளக்கப் பக்கங்களை, எங்கிருந்து தொடங்க வேண்டும்? தமிழிலும் எழுதலாமா?

சுன்னாகம்_அக்கா

தம்பி, ஃபங்ஷன் பட்டியல் ஏற்கெனவே பாவிக்கிறவர் தேடிப் பார்க்கிற இடம். புதிதாக வருகிறவருக்குக் காசு எந்த வழியால் போய் வருகிறது என்பதே இன்னும் விளங்கியிருக்காது. ஒரு வரி கோட் காட்டுவதற்கு முன்னமே அதை ஒரு பக்கத்தில் சொல்லுங்கள். வாடிக்கையாளர் பொத்தானை அமத்துகிறார், பேஹியரின் பக்கத்துக்குப் போகிறார், காட் இலக்கத்தை அங்கேதான் கொடுக்கிறார், அதற்குப் பிறகு இரண்டு வேறு வேறு விசயம் நடக்கிறது: அவருடைய பிரவுசர் கடைச் சைற்றின் ரிற்றேர்ண் யூஆர்எல் என்ற முகவரிக்குத் திரும்பி வருகிறது, பேஹியரின் சேர்வர் கடைச் சைற்றின் நோட்டிஃபை யூஆர்எல் என்ற இன்னொரு முகவரிக்கு நேரடியாக ஒரு தகவல் அனுப்புகிறது. காசு கிடைத்ததற்கு ஆதாரம் இரண்டாவது மட்டும்தான். ரிற்றேர்ண் பக்கத்தின் முகவரியை யாரும் பிரவுசரில் அடித்துத் திறக்கலாம், உண்மையாகக் காசு கட்டியவரோ அந்தப் பக்கம் வருவதற்குள் போனை மூடிவிடலாம். நன்றி சொல்கிற பக்கத்திலேயே ஓடரைப் "பெய்ட்" ஆக்குகிற கோட்டை நான் எத்தனையோ சைற்களில் பார்த்திருக்கிறேன், அது கடைக்காரரின் காசோடு விளையாடுகிற வேலை. இதைப் பெரிய எழுத்தில் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

உங்கள் பெண்டிங் பிரச்சினைக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, சொந்தக் கணினியில் லோக்கல்ஹோஸ்ற்றில் வைத்துச் சோதிப்பது. வெளியில் இருக்கிற சேர்வரால் அங்கே வர முடியாது, என்க்ரொக் மாதிரி, வெளியிலிருந்து உங்கள் கணினிக்கு வழி திறக்கிற ஒன்றைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மற்றது, லாரவெல்லின் சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்பு: தன் சைற் கொடுத்த டோக்கன் என்ற இரகசியக் குறி இல்லாமல் வருகிற தகவலை அது ஏற்காது. பேஹியரிடம் அந்த டோக்கன் இருக்காது, ஆகவே லாரவெல் 419 என்ற பிழை இலக்கத்தைச் சொல்லித் தகவலைத் திருப்பி அனுப்பிவிடும். நோட்டிஃபை பாதைக்கு விலக்குக் கொடுக்கிற இடம் லாரவெல் 11இல் மாறியிருக்கிறது, இரண்டு விதத்தையும் எழுதிவிடுங்கள்.

மூன்றாம்குறுக்கு

அக்கா சொன்னது சரி, ஆனால் முதல் பக்கத்தை ஆறுதலாக வாசிக்கிறவர் குறைவு. ஆட்கள் கையில் ஒரு பிழைச் செய்தியோடுதான் வருகிறார்கள், அதை அப்படியே கூகிளில் போட்டுத் தேடுவார்கள். அதனால் நான் என்றால் பிழைகளுக்கான பக்கத்தைத்தான் முதலில் எழுதுவேன், வருகிற செய்தியையே தலைப்பாக வைத்து.

ஹாஷ் பிழை என்றால் தொகையைத்தான் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மேர்ச்சன்ட் ஐடி, ஓடர் ஐடி, தொகை, நாணயம், பிறகு மேர்ச்சன்ட் சீக்ரெற்றுக்கு (கடைக்கான இரகசியக் குறி) எம்டி5 என்ற முறையில் ஹாஷ் எடுத்து அந்த ஹாஷைப் பெரிய எழுத்துக்கு மாற்றியது, இவ்வளவையும் இந்த வரிசையில் ஒட்டி, திரும்பவும் எம்டி5 எடுத்துப் பெரிய எழுத்தாக்க வேண்டும். இதில் தொகை 1500.00 என்றுதான் இருக்க வேண்டும். 1500 என்றாலும் பிழை, 1,500.00 என்று கொமா வந்தாலும் பிழை. பிஎச்பியில் நம்பர் ஃபோர்மற்றை அப்படியே விட்டால் கொமா தானாக வந்துவிடும், அந்த ஒரு வரியைக் காட்டினாலே பாதிப் பேர் தப்புவார்கள். ஸ்ட்ரைப் என்ற இன்னொரு கட்டணச் சேவையில் பழகி வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: அங்கே 25 டொலரை 2500 என்று சதத்தில் கொடுப்பார்கள், அந்தப் பழக்கத்தில் இங்கே 2500 என்று அனுப்பினால் வாடிக்கையாளரிடம் 2500 டொலர் கேட்கும்.

நோட்டிஃபை தகவலில் வருகிற ஸ்ரேற்றஸ் இலக்கங்களை வெறும் அட்டவணையாகப் போட்டு விடாதீர்கள். 2 என்றால் வெற்றி, 0 பெண்டிங், -1 இரத்து, -2 தோல்வி. -3 தான் முக்கியம், சார்ஜ்பேக், அதாவது கட்டிய காசு திரும்ப எடுக்கப்பட்டது. பார்சல் கனடாவுக்குப் போன பிறகும் அது வரலாம். அந்த நேரம் கடைக்காரருக்கு யார் சொல்வது, ஓடரை என்ன நிலைக்கு மாற்றுவது என்று டொக்ஸ் சொல்ல வேண்டும்.

சீக்ரெற்றை ஜாவாஸ்கிரிப்ற்றில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஹாஷ் சேர்வரில்தான் செய்ய வேண்டும் என்பதைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், "பாதுகாப்பு" என்று கடைசியில் ஒரு தனிப்பக்கம் போட்டால் அதை ஒருவரும் திறக்கமாட்டார்கள்.

பனையோலை

மிச்சம் நன்றி இரண்டு பேருக்கும். 419 விசயம் எங்களுக்கு ஓடவே இல்லை, இன்றைக்கே சேர்க்கிறோம். தமிழ் பற்றி யாரும் சொல்லவில்லையே?

வெளிச்சவீடு

தமிழில் கட்டாயம் எழுதுங்கள். கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் கோட்டை வாசித்து விளங்குவார்கள், ஆனால் "ஏன் இப்படிச் செய்ய வேண்டும்" என்ற பகுதி ஆங்கிலத்தில் நீண்டு போனால் தாண்டிப் போய்விடுவார்கள், காசு பிழைக்கிற இடமும் அதுதான். அக்கா சொன்ன வழிப் பக்கத்தையும் பிழைப் பக்கத்தையும் தமிழில் முழுமையாக எழுதுங்கள். ஃபங்ஷன் பட்டியலை மொழிபெயர்க்க வேண்டாம், அதைக் கோட்டில் இருந்தே தானாக எடுக்கலாம். ஃபீல்ட் பெயர்களையும் பிழைச் செய்திகளையும் இருக்கிறபடியே விடுங்கள், இல்லாவிட்டால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. டொக்ஸில் இருக்கிற உதாரணக் கோட் ஒவ்வொரு ரிலீசுக்கும் தானாக ஓடிப் பார்க்கிற மாதிரிச் செய்யுங்கள். பழைய வேர்ஷனுக்கான உதாரணத்தை நம்பி ஒருவர் லைவ் கடையில் ஒட்டினால் அது அவருடைய பிழை இல்லை. எழுதி முடிந்ததும் லைப்ரரியைத் தொட்டே பார்க்காத ஒரு மாணவரிடம் கொடுத்து, சாண்ட்பாக்ஸில், அதாவது உண்மைக் காசு போகாத சோதனை இடத்தில், ஒரு பேமன்ற் செய்து முடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். அவர் நிற்கிற ஒவ்வொரு இடமும் திருத்த வேண்டிய இடம்.

பனையோலை

செய்கிறோம் அண்ணை. கடைசியாக ஒன்று: ஒரே ஓடருக்கு நோட்டிஃபை இரண்டு தரம் வந்தால்?

சுன்னாகம்_அக்கா

எந்தக் கட்டணச் சேவை என்றாலும் அது நடக்கலாம் என்று வைத்தே எழுதுங்கள். முதலில் அந்தத் தகவலோடு வருகிற எம்டி5 கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும், பிறகு தொகையும் நாணயமும் உங்கள் டேற்றாபேஸில் இருக்கிறதோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும், அந்த ஓடர் ஏற்கெனவே பெய்ட் ஆகி, திரும்பவும் அதே 2 வந்தால் ஒன்றும் செய்யாமல் "கிடைத்தது" என்கிற 200 திருப்பி அனுப்ப வேண்டும். இதற்கு லைப்ரரியிலேயே ஒரு ஃபங்ஷன் இருந்தால் டொக்ஸில் இரண்டு வரி போதும், இல்லையென்றால் அதை முதலில் எழுதுங்கள் தம்பி.