கணக்குப் பார்க்கிற பொண்ணு இன்னும் மூணு மாசம் லீவு கேக்குது, என்ன பண்றதுங்க?

திருப்பூர்க்காரன்:
சின்னதா ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கேனுங்க. டெய்லர், செக்கிங், பேக்கிங் எல்லாஞ் சேர்த்து 23 பேரு. ஆபீஸ்னு பார்த்தா ஒரே ஒரு பொண்ணுதான். ஆறு வருசமா டேலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்), ஜிஎஸ்டி, பிஎஃப், ஈஎஸ்ஐ, சனிக்கிழமை சம்பளம் எல்லாமே அது கையில. மாசம் 19,500 குடுக்கறேன்.

வளைகாப்பு முடிஞ்ச கையோட லீவுல அனுப்பலாம்னு இருந்தோம். அதுக்குள்ள 33ஆவது வாரத்துலயே குழந்தை பிறந்துருச்சு. மூணு வாரத்துக்கு மேல இன்குபேட்டர். அந்த 26 வார லீவு அடுத்த மாசம் 9ஆந் தேதி முடியுது. நேத்து போன் பண்ணி, "அண்ணா, இப்பத்தான் தலையே நிக்குது, இன்னும் மூணு மாசம் வேணும்"ங்குது. அதோட நாத்தனார் கவர்மெண்ட் டீச்சராம், அவங்களுக்கு முழுசா ஒரு வருசம் லீவாம். கவர்மெண்டும் நானும் ஒண்ணுங்களா?

இடையில ஒரு பையனப் போட்டேன். 11ஆந் தேதிக்குள்ள போட வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1ஐ, அதான் மாச பில்லுக் கணக்கை, விட்டுட்டான். எங்க பில்லு பார்ட்டியோட 2பி-யில, அதான் அவரு வரியைத் திரும்ப எடுக்கப் பார்க்கற பட்டியல்ல, வரல. வரிப் பணத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு போன்ல கத்துறாரு. சட்டப்படி லீவு குடுத்தே ஆகணுமா, இல்ல வேற ஆளைப் போட்டுக்கலாமா?

கோவை எச்ஆர்:
19,500ன்னா ஈஎஸ்ஐ வரம்புக்குள்ளதான் (21,000) இருக்காங்க. அதனால இந்த 26 வாரமும் அவங்களுக்குப் பணம் கொடுத்தது ஈஎஸ்ஐ, நீங்க இல்லை. அதை முதல்ல நினைப்புல வெச்சுக்குங்க. குறைமாசப் பிரசவத்தால உடம்பு சரியில்லைன்னு டாக்டர் சான்றிதழ் இருந்தா, இன்னும் ஒரு மாசம் ஈஎஸ்ஐ பணத்தோட லீவு உண்டு. நீங்க மனசு வெச்சுக் குடுக்கிற லீவு இல்லை அது. அந்த லீவு நாள்ல வேலையை விட்டு எடுக்கவும் கூடாது, சட்டத்துல மாட்டிக்குவீங்க.

மிச்சம் ரெண்டு மாசம்தான் உங்க இஷ்டம். சம்பளமில்லாத விடுப்பா குடுக்கலாம். எதுவானாலும் எழுத்துல வாங்கிக்குங்க.

மில் ரோடு:
இதுக்குத்தான் ஆபீஸுக்கு ஆம்பளப் பசங்களா எடுக்கணும்ங்கிறது.

திருப்பூர்க்காரன்:
@மில் ரோடு, அப்படி எடுத்த பையன்தானுங்க பார்ட்டிகிட்ட என்னைத் திட்டு வாங்க வெச்சது.

ஈரோட்டு அம்மா:
நான் அந்தப் பக்கம் இருந்து சொல்றேன். ஒரு ஸ்பின்னிங் மில் ஆபீஸ்ல இருந்தேன். லீவு முடிஞ்ச மறுநாளே போய் உக்காந்தேன். காலையில 11 மணிக்கெல்லாம் ஜாக்கெட் நனைஞ்சிரும். துப்பட்டாவைப் போர்த்திக்கிட்டு வவுச்சர் போடுவேன். வீட்டுல மாமியார் குழந்தையைத் தோள்ல போட்டு நடந்துக்கிட்டே எனக்கு போன் பண்ணுவாங்க. குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் பால் குடுக்க தினம் ரெண்டு இடைவேளை விடணும்னு சட்டம் இருக்குன்னு எனக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. நாப்பதாவது நாள் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். அவங்க அதுக்கப்புறம் மூணு ஆள் மாத்தினாங்க.

"எப்ப வருவே"ன்னு கேக்காதீங்கண்ணா. மாசத்துல எந்தெந்த நாளு அந்தப் பொண்ணு இல்லாம ஓடாதுன்னு முதல்ல எழுதிப் பாருங்க. 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப்பும் ஈஎஸ்ஐயும், 20 ஜிஎஸ்டிஆர்-3பி, அதான் வரி கட்டற கணக்கு. அவ்வளவுதானே? டேலி வீட்டுல இருந்தும் ஓடும். சம்பளக் கவர் போட அந்தப் பையன் போதும்.

கோவை எச்ஆர்:
நல்ல யோசனை. பிரசவ விடுப்பு முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா வீட்டுல இருந்து வேலை பார்க்கலாம்னு பிரசவ விடுப்புச் சட்டத்தோட 2017 திருத்தத்துலயே வந்திருச்சு. ஆனா ஈஎஸ்ஐ பணம் வாங்கற அந்த ஒரு மாசம் சம்பளத்துக்கு வேலை வாங்கக் கூடாது. "இதை மட்டும் ஒரு நிமிசம் பாரும்மா"வும் வேண்டாம்.

திருப்பூர்க்காரன்:
அங்கதானுங்க சிக்கல். ஜிஎஸ்டி ஓடிபி இன்னும் அது நம்பருக்குத்தான் போகுது. குழந்தை இன்குபேட்டர்ல இருந்தப்பக்கூட ரெண்டு தடவை ஓடிபி கேட்டு போன் பண்ணிட்டேன். அதுவும் ஒண்ணும் சொல்லாம படிச்சுச் சொல்லுச்சு. இப்ப எழுதும்போது கூசுது.

இன்னிக்குப் பேசிட்டேன். செவ்வாய்க்கிழமை சான்றிதழ் வாங்கப் போகுது. அந்த மாசம் முடிஞ்சு ரெண்டு மாசம் வீட்டுல இருந்து 8ல இருந்து 20 வரைக்கும் மட்டும் பார்க்கும், பாதிச் சம்பளம். பையனும் இருக்கட்டும். லேப்டாப்பை வீட்டுக்காரம்மாவே கொண்டுபோய்க் குடுக்கிறேன்னுது, குழந்தையையும் பார்த்துட்டு வரலாமாம்.

போர்ட்டல்ல நம்பர் மாத்தறது எப்படிங்க?

ஈரோட்டு அம்மா:
ஆடிட்டரைக் கேளுங்கண்ணா. அந்தப் பொண்ணைக் கேக்காதீங்க.