பாக்குத் தீவுக்குப் போன சேலத்துக்காரர்கள்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்குப் போய் வந்த நம் மாவட்டத்துக்காரர்கள், அங்கே யாரைப் பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் வேண்டாம். நானே ஆரம்பிக்கிறேன்.

வாழப்பாடி பாக்குக்காரன்:

தாத்தா காலத்திலிருந்து எங்களுக்குப் பாக்குதான். பச்சைக்காயை உரித்து, வேகவைத்து, களத்தில் காயப்போடுவதைப் பார்த்தே வளர்ந்தவன். மலாயில் ‘பினாங்’ என்றால் பாக்கு என்று மகள் சொன்ன அன்றைக்கே பயணம் முடிவாகிவிட்டது. போய் இறங்கினால், பாக்குமரம் கண்ணில் பட்டது மாநிலக் கொடியில்தான். ஊருக்குள் தோப்பு ஏது? 1786-ல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வந்து இறங்கியதிலிருந்து கப்பலையும் கடையையும் நம்பி வளர்ந்த ஊர் அது.

குயின் தெரு மாரியம்மன் கோவில் 1833-ல் கட்டியது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் பூவும் வெற்றிலையும் விற்கிற ஒரு அக்கா. “பாக்கு எங்கிருந்துக்கா வருது?” என்றேன். “பாக்கு ஊருக்கே வந்து பாக்கு விசாரிக்கிறீங்களே அண்ணே!” என்று சிரித்தார். அப்புறம் அவரே ஒன்று சொன்னார். பெண் கேட்கப் போவதை மலாய்க்காரர்கள் ‘மெமினாங்’ என்பார்களாம். அந்தச் சொல்லுக்குள் இருப்பதும் பாக்குதான். நம் பக்கம் நிச்சயத்துக்கு வெற்றிலை பாக்கு மாற்றுகிறோமே, அதே சங்கதி! எங்கள் தோட்டத்துச் சீவல் ஒரு பொட்டலம் அவருக்குக் கொடுத்திருக்கலாம். சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று மனைவி வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டாள். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மதியம் சூலியா தெருப் பக்கம் நாசி கந்தார் சாப்பிட்டோம். நாசி என்றால் சோறு, கந்தார் என்றால் காவடி போலத் தோளில் சுமப்பது. தமிழ் முஸ்லிம்கள் அப்படிச் சுமந்து போய்த் துறைமுகத்தில் விற்ற சாப்பாடு. பரிமாறிய பெரியவர் “பஞ்சீரா?” என்று கேட்டார். புரியாமல் தலையாட்டிவிட்டேன். நாலைந்து குழம்பை ஒன்றாகச் சேர்த்து ஊற்றித் தட்டையே மூழ்கடித்துவிட்டார். பஞ்சீர் என்றால் வெள்ளமாம்! அவருடைய அப்பா கடையநல்லூரிலிருந்து ரஜுலா கப்பலில் வந்தவர். “சேலம் கடலோரமா?” என்று கேட்டார். மேட்டூர் அணையைச் சொல்லிச் சமாளித்தேன்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை:

நான் போனது தைப்பூசத்துக்கு. முதல் நாளே பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து செட்டியார் கோவிலுக்கு வெள்ளித் தேர் கிளம்புகிறது. எல்லோரும் முருகனைப் பார்க்க, நான் பற்றவைத்த இடங்களையும் மெருகையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி. பக்கத்தில் ஒரு சீனத் தாத்தா குடும்பத்தோடு தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். என் கையிலும் ஒன்றைத் திணித்து, உடை என்று சைகை காட்டினார். தெருவெல்லாம் தேங்காய், செருப்பு வழுக்குகிறது.

கார்ன்வாலிஸ் கோட்டையில் ஒரு கதை சொன்னார்கள். காட்டை வெட்ட ஆள் வரவில்லை என்று லைட் துரை பீரங்கியில் வெள்ளிக்காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டாராம். காசைத் தேடியே ஜனங்கள் காட்டை அழித்துவிட்டார்களாம். நான் நம்பவில்லை. பட்டறையில் தரையைக் கூட்டிய தூசியில்கூட வெள்ளி தேடுகிற ஆள் நான்!

ஏற்காடு மிளகுத் தோட்டம்:

பினாங்கு மலைக்கு 1923-லிருந்து கம்பி இழுக்கிற ரயில் ஓடுகிறது. உச்சியே 833 மீட்டர்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் பழகிய நமக்கு, உட்கார்ந்த உடனே இறக்கிவிட்ட மாதிரி இருக்கிறது. குளிரும் பேருக்குத்தான்.

ஆனால் காப்பிக் கடையில் நன்றாக ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறார்கள். கருகல் வாசம், தார் மாதிரி நிறம். எங்கள் தோட்டத்துக் கொட்டையை இப்படி வறுத்தால் அப்பா வீட்டை விட்டே துரத்திவிடுவார் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் மகள்தான் மொழிபெயர்த்தாள். அவர் சிரிக்கவில்லை, இன்னொரு கோப்பை வைத்தார். அதற்குக் காசும் வாங்கவில்லை. கிளம்பும்போது ஜாதிக்காய்ப் பழத்தின் சதையில் போட்ட ஊறுகாய் ஒரு பொட்டலம் வாங்கினேன். இங்கே கொட்டையை எடுத்துவிட்டுத் தூக்கிப் போடுகிற சதை!

வாழப்பாடி பாக்குக்காரன்:

அந்த ஊறுகாய் மிச்சம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வருகிறேன், சீவல் கொண்டு வருகிறேன்.