400 மீட்டரின் கடைசி நேர்ப்பாதையில் கால் கல்லாவது ஏன்?

கேள்வி:
மாவட்டப் போட்டிக்காக 400 மீட்டர் ஓட்டம் பயின்று வருகிறேன். 300 மீட்டர் வரை பெரிய சிரமம் தெரிவதில்லை. கடைசி நேர்ப்பாதையில் நுழைந்ததும் தொடை இரண்டும் கல்லாய் இறுகி, முழங்கால் மேலெழ மறுக்கிறது. லாக்டிக் அமிலம் சேர்வதே காரணம் என்றும், மறுநாள் மாடிப்படி இறங்கும்போது வலிப்பதும் அதனால்தான் என்றும் பயிற்சியாளர் சொல்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டுதானே ஓடுகிறோம், பிறகு ஆக்சிஜன் ஏன் போதவில்லை?

பதில் 1:
தசை நேரடியாகச் செலவிடுவது ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறைத்தான். முழு வேகத்தில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று நொடிக்கே வரும் என்பதால், செலவாகச் செலவாக அதை உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கிளம்பியவுடன் அந்த வேலையைப் பெரும்பாலும் தசையில் இருப்பிலுள்ள கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் சேர்மம் ஏற்கிறது. பத்து நொடியளவில் அதுவும் வெகுவாகக் குறைந்துவிடும். அதற்குள்ளாகவே தசையிலுள்ள கிளைகோஜன் (குளுக்கோஸின் சேமிப்பு வடிவம்) ஆக்சிஜனின் துணையின்றிச் சிதையத் தொடங்கியிருக்கும். இவ்வழியில் ஒரு குளுக்கோஸ் அலகுக்கு 3 ஏடிபிதான் தேறும். செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு முழுமையாக எரிந்தால் 30க்கு மேல். ஆயினும் உடல் இந்த ஊதாரி வழியை நாடுவது அதன் வேகத்துக்காக. இதயமும் நுரையீரலும் முழு வீச்சை எட்ட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். உங்கள் ஓட்டமோ அதற்குள் முடிந்துவிடுகிறது. இவை ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குபவை அல்ல. எல்லாம் ஒருசேர நடக்கின்றன, பங்குதான் மாறுகிறது.

பதில் 2:
பயிற்சியாளர் சொன்னதில் முதற்பாதி ஓரளவு சரி, மறுபாதி தவறு. கடைசி நூறு மீட்டரில் தசையைச் சோரவைப்பதில் அங்கே பெருகும் பாஸ்பேட்டுக்கும், அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகளுக்கும் பங்குண்டு. லாக்டிக் அமிலம் உடலில் லாக்டேட் என்னும் வடிவில்தான் இருக்கிறது; அது வெறும் கழிவன்று. இதயம் அதை எரிபொருளாக்கிக்கொள்கிறது, கல்லீரல் மீண்டும் குளுக்கோஸாக்குகிறது. பின்னதைக் கண்டறிந்த கோரி தம்பதியர் 1947இல் நோபல் பரிசு பெற்றனர். ஓடி முடித்து ஒரு மணி நேரம் போல ஆனதும் இரத்தத்தில் லாக்டேட் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். மறுநாள் வலியோ தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது. மலையிறங்கிப் பாருங்கள்: மூச்சே வாங்காது, லாக்டேட்டும் அதிகம் சேராது, மறுநாள் தொடையைத் தொட முடியாது.

கேட்டவர்:
அப்படியானால் ஓட்டம் முடிந்ததும் உட்காராமல் மெதுவாக ஓடச் சொல்வது வீண்தானா?

பதில் 2:
வீணில்லை. மெல்லோட்டத்தில் லாக்டேட் விரைவாகக் கரையும். அன்றே இன்னொரு சுற்று ஓட வேண்டியிருந்தால் அது உதவும். மறுநாள் மாடிப்படியில் மட்டும் அதிக வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள்.