ஒரே சில்லில் லேசரும் பெருக்கியும்: ருபீடியம் பொறிக்கு ஒத்துவருமா?

குளிரணு:
ருபீடியம் அணுக்களை லேசர் ஒளியாலும் காந்தப்புலத்தாலும் குளிர்வித்துச் சிறைபிடிக்கும் காந்த-ஒளிப் பொறி ஒன்றை அமைத்துவருகிறோம். 780.24 நானோமீட்டரில், அணுக்களைச் சென்றடையும் இடத்தில் 300 மில்லிவாட்டாவது தேவை. கையில் இருப்பது 40 மில்லிவாட் தரும் டயோடு லேசர் மட்டுமே. அதன் பின்னால் டேப்பர்டு பெருக்கி (லேசர் ஒளியின் திறனைக் கூட்டும் குறைகடத்திச் சில்லு) ஒன்றைத் தனியாக வைப்பதா, லேசரும் பெருக்கியும் ஒரே சில்லில் அமைந்த வகையை வாங்குவதா என்று முடிவெடுக்க இயலவில்லை. கண்ணாடிகளை மணிக்கணக்கில் திருகி ஒளியை நேர்ப்படுத்தும் வேலை மிச்சமாகும் என்பதால் இரண்டாவது வகையின் பக்கமே மனம் சாய்கிறது.

அலைமுகம்:
திருகும் வேலை மிச்சமாவது உண்மைதான். ஆனால் அதற்கு ஈடாக ஒன்றை இழக்கிறீர்கள். தனித்தனியாக வைத்தால் மூல லேசருக்கும் பெருக்கிக்கும் நடுவே, ஒளியை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் ஓர் ஐசொலேட்டரை நிறுத்தலாம். ஒரே சில்லில் அதற்கு இடமே இல்லை. ஒளி வெளியேறும் முன்முகத்தில் எதிரொளிக்கும் சிறு துளி ஒளிகூடப் பெருக்கி வழியே திரும்பி வரும்போது தானும் பெருகி, மூல லேசரின் அலைநீளத்தைக் குலைக்கும். பெருக்கியின் மின்னோட்டத்தைக் கூட்டினால் சில்லு முழுவதும் சூடாவதால் அலைநீளமும் நகரும். இந்த அலைநீளத்தில் வெப்பநிலை ஒரு பாகை மாறினாலே ஏறத்தாழ 30 கிகாஹெர்ட்ஸ் விலகல் ஏற்படும். ருபீடியம் ஒளியை உறிஞ்சும் கோட்டின் இயல்பு அகலமோ 6 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரே சில்லு வகையைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். பெர்லினில் உள்ள ஃபெர்டினாண்ட் பிரவுன் நிறுவனம் போன்ற இடங்களில் இதற்காகவே பல்லாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். இடம் சுருங்கிய கருவிகளுக்கு அது பொருத்தம். மேசை நிறைய இடம் உள்ளவருக்கு அவ்வளவு அவசியமில்லை.

கரிந்தமுகம்:
தனிப் பெருக்கியை எடுப்பதானால், என் பெயருக்குக் காரணமான கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெருக்கியில் 2.5 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்க, கதிர் எங்கே விழுகிறது என்று பார்க்கும் அவசரத்தில் மூல லேசரின் பாதையில் பார்வை அட்டையை நீட்டிவிட்டேன். சில நொடிகள்தான், அட்டையை எடுத்த பிறகு 1 வாட் இருந்த இடத்தில் 200 மில்லிவாட்கூட வரவில்லை. இந்தச் சில்லின் நுழைமுகம் சில மைக்ரோமீட்டர் அகலமே உடையது; அங்கிருந்து விசிறிபோல் விரிந்து, வெளிமுகத்தில் 200 மைக்ரோமீட்டர் அளவுக்கு அகன்றுவிடுகிறது. ஒளிச்செறிவு முகத்தைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்கே இந்த விரிவு. உள்ளே வரும் ஒளி நின்றுபோனால், சேர்ந்திருக்கும் ஆற்றல் தன்னியல்பு ஒளியாகப் பெருகிப் பின்னோக்கியும் பாய்ந்து, அந்தக் குறுகிய முனையில் குவிகிறது. வெளியிலிருந்து திரும்பும் எதிரொளிக்கும் இதே வழிதான். எனவே பெருக்கிக்குப் பின்னாலும் ஐசொலேட்டர் கட்டாயம். மூல ஒளி குறைந்தால் மின்னோட்டத்தைத் தானே துண்டிக்கும் ஒரு சுற்றையும் முதல் நாளே கட்டிவிடுங்கள். நான் சில்லைப் பறிகொடுத்த மறுநாள் கட்டினேன்.

குளிரணு:
இருவருக்கும் நன்றி. தனிப் பெருக்கி என்றே முடிவு செய்கிறோம். 1 வாட் வகை போதுமா, 2 வாட் தேவைப்படுமா?

அலைமுகம்:
ஐசொலேட்டரில் 90 விழுக்காடு, ஒலி-ஒளிப் பண்பேற்றியில் (ஒலியலையால் ஒளியின் அதிர்வெண்ணை நகர்த்தும் கருவி) 80, ஒளியிழையில் 55 கடந்துவரும் என்று கொண்டால் சுமார் 40 விழுக்காடு ஒளி தப்பிவரும். ஆக, பெருக்கியிலிருந்து ஏறத்தாழ 760 மில்லிவாட் தேவை. 1 வாட் போதும். இழையில் 55 என்பதும் உருளை வில்லையைப் பொறுமையாக அமைத்தால்தான் கிடைக்கும். இந்தச் சில்லின் கதிர் கிடையாக ஓரிடத்திலிருந்தும் செங்குத்தாக வேறோர் இடத்திலிருந்தும் விரிவதால், ஒற்றை வில்லையால் இரண்டையும் சீராக்க முடியாது.