மலைக்கு மாதம் ஒருமுறை நுரையீரல் மருத்துவர் வந்தால் போதுமா?

கேள்வி: மலையூர்த் தன்னார்வலர், அணைக்கட்டு ஒன்றியம்

அனைவருக்கும் வணக்கம். ஜவ்வாது மலையில், பீஞ்சமந்தையை ஒட்டிய ஒரு சிற்றூரில் சுகாதாரத் தன்னார்வலராக இருக்கிறேன். எங்கள் மலையாளிப் பழங்குடிப் பெண்களில், பீடியைக் கையால் தொடாதவர்கள்கூட ஐம்பது வயதைத் தாண்டியதும் தண்ணீர்க் குடத்தோடு மேடேற முடியாமல் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சன்னல் இல்லாத வீட்டுக்குள் விறகடுப்புப் புகையிலேயே வாழ்ந்தவர்கள் அவர்கள். கேஸ் இணைப்பு வந்த வீடுகளிலும் சோறும் களியும் இன்னும் விறகில்தான் வேகின்றன.

சென்ற ஆண்டு முகாமுக்கு வந்த சிறப்பு மருத்துவர் அக்கறையாகப் பார்த்து, பலருக்கு வேலூருக்கு வந்து பரிசோதனை செய்துகொள்ளும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார். யாரும் மலையிறங்கவில்லை. என் பெரியம்மா அந்தச் சீட்டை நான்காக மடித்து அஞ்சறைப் பெட்டியில் வைத்திருந்தார். ஐப்பசி மழையில் மூச்சு முட்டி, நள்ளிரவில் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோதுதான் மஞ்சள் கறை படிந்த அந்தச் சீட்டு வெளியே வந்தது. இப்போது வேறொரு மருத்துவர் மாதந்தோறும் வர இசைந்திருக்கிறார். அவர் வருகை வீணாகாமலிருக்க நாங்கள் என்ன செய்து வைத்திருக்க வேண்டும்?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், குடியாத்தம்

தம்பி, முதலில் நாளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை கூடும் வெள்ளிக்கிழமையிலும் சாமை அறுவடை நாட்களிலும் வைத்தால் ஊரில் ஆளே இருக்க மாட்டார்கள். ஊர்க்கவுண்டரிடம் நீங்களே நேரில் சென்று சொல்லுங்கள்.

அடுத்து, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்களின் சளியை மருத்துவர் வருவதற்கு முன்பே டிபி பரிசோதனைக்கு அனுப்பி, முடிவைக் கையில் வைத்திருங்கள். டிபி இருந்தால் மருந்து இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். டிபி முன்பே வந்து குணமானவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கிருமி போன பிறகும் நுரையீரலில் தழும்பு தங்கி மூச்சிரைப்பு தொடரும். அதை மறுபடியும் டிபி என்று ஊரார் ஒதுக்கிவைத்ததை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 2: வேலூர்ப் பெண், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் செவிலியர்

நான் இங்கே ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். 1971இல் சிட்னியின் ரெட்ஃபர்ன் பகுதியில் பழங்குடி மக்கள் தங்களுக்கென ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார்கள். 1973இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலும் அவர்களுக்கான அமைப்பு உருவானது. நிர்வாகக் குழுவை அந்த மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தொலைவிலிருந்து வரும் சிறப்பு மருத்துவர் அங்கே விருந்தினர்தான். அவர் அருகில் அந்த மக்களின் மொழி பேசும் சுகாதாரப் பணியாளர் அமர்ந்திருப்பார், மருத்துவர் புறப்பட்ட பிறகு வீடு வீடாகப் போகிறவரும் அவரே.

இங்கே பல குழந்தைகளுக்குச் சளியோடு கூடிய இருமல் மாதக்கணக்கில் இருக்கும். ‘பிள்ளை என்றால் இருமத்தான் செய்யும்’ என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கும் ஈர இருமலைக் கவனிக்காமல் விட்டால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சேதமடையக்கூடும் என்பதால், அத்தகைய குழந்தையைத் தேடிப் பிடித்துச் சிகிச்சை தருவது இங்கே முக்கியமான வேலை. நம் மலையிலும் அதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆகவே பட்டியலில் பாட்டிமார்களோடு குழந்தைகளையும் சேருங்கள். மருத்துவர் வராத 29 நாட்களை யார் பார்த்துக்கொள்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்; அது நீங்களாகவோ உங்கள் ஊர் ஆஷா பணியாளராகவோ இருக்க வேண்டும்.

மறுமொழி 3: நுரையீரல் பரிசோதனைப் பணியாளர், காட்பாடி

சீட்டு எழுதிக் கீழே அனுப்புவதைவிட, ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவியை மேலே கொண்டு போவது நல்லது. கையில் எடுத்துச் செல்லும் அளவிலேயே கிடைக்கிறது. டிபி சந்தேகம் உள்ளவருக்கும் சளியில் இரத்தம் வருபவருக்கும் சளி முடிவு வரும்வரை ஊதும் பரிசோதனை வேண்டாம். மற்றவர்களை ஒருமுறை ஊத வைத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊத வைக்க வேண்டும். அதற்குப் பிறகும், முதல் நொடியில் வெளிவரும் காற்று மொத்தக் காற்றில் 70 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் மூச்சுக்குழாய் அடைப்பு நிலைத்துவிட்டது என்று கொள்வார்கள்.

ஒரு முகாமில் நான் ‘அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதுங்கள்’ என்று சொல்லிவிட்டேன். அத்தனை பாட்டிகளும் ஊதாங்குழலில் ஊதுவதைப் போலவே கன்னத்தை உப்பி, ‘பூ, பூ’ என்று விட்டு விட்டு ஊதினார்கள்; ஒரு வரைபடமும் தேறவில்லை. மூச்சை முழுக்க இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே வீச்சில் வேகமாகத் தள்ளி, நான் போதும் என்னும்வரை நிறுத்தக் கூடாது என்று செய்து காட்டிய பிறகே சரியாக வந்தது. இதை உங்கள் மொழியில் நீங்கள் முன்கூட்டியே பழக்கி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டியலை நாளையே தொடங்குகிறேன். பெரியம்மாவின் பெயர்தான் முதலில். ஒரு சந்தேகம்: அவருக்கு இன்ஹேலரோடு கொடுத்த ஸ்பேசரை, அதாவது இன்ஹேலரில் மாட்டி மருந்தை இழுக்கும் பிளாஸ்டிக் குடுவையை, தினமும் முந்தானையால் துடைத்து வைக்கிறார். அது சரியா?

மறுமொழி 3

வேண்டாம். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி, மருந்து நெஞ்சுக்குள் போகாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் நிழலில் தானாகக் காயவிடச் சொல்லுங்கள்.