சூடான இயந்திரம் எழ மறுக்கிறது: எரிபொருள் அழுத்தமானி பொருத்தலாமா?

கேள்வி (சிங்கப்பூர், உட்லண்ட்ஸ் வாசகர்):

வணக்கம். வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து நான் ஓட்டிவரும் பழைய ஜப்பானியக் கார் காலையில் உடனே கிளம்பிவிடுகிறது. ஆனால், தீவு விரைவுச்சாலையில் நெடுந்தூரம் ஓடி, உணவங்காடி நிலையத்தில் சிறிது நேரம் நின்றபின் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் வெகுநேரம் சுழன்ற பிறகே இயந்திரம் பிடிக்கிறது. பெட்ரோல் பம்ப் தளர்ந்துவிட்டதோ என ஐயப்படுகிறேன். டாஷ்போர்டில் அழுத்தமானி ஒன்றை நிரந்தரமாகப் பொருத்த விரும்புகிறேன். எந்த அளவுள்ளதை வாங்குவது? எரிபொருள் குழாயை உள்ளே கொண்டுவரலாமா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார்ப்பேட்டையில் நானே செய்யலாமா?

மறுமொழி (பட்டறை நடத்துபவர்):

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: பெட்ரோல் உள்ள எந்தக் குழாயும் பயணிகள் அமரும் பகுதிக்குள் வரவே கூடாது. டாஷ்போர்டில்தான் வேண்டுமென்றால் மின்னணு வகையை வாங்குங்கள். அதில் சென்சார் பானெட்டுக்குள்ளேயே இருக்க, கம்பி மட்டுமே உள்ளே வரும். உங்கள் காரைப் போன்ற சாதாரண இன்ஜெக்‌ஷன் அமைப்புக்கு 0 முதல் 7 பார் (அழுத்த அலகு) வரை காட்டும் மானி பொருத்தமானது. கார்புரேட்டர் கார்களின் அழுத்தம் அரை பாருக்கும் குறைவு என்பதால் அவற்றுக்கான மானி இதற்கு உதவாது. நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களிலோ உயரழுத்தப் பகுதி நூறு பாரையும் தாண்டும். அங்கே இத்தகைய மானியை இணைக்கவே கூடாது.

பலர் தவறுவது மரையில்தான். 1/8 என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை), 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் குழாய் மரை) இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முன்னதற்கு அங்குலத்துக்கு 27 மரைகள், பின்னதற்கு 28, மரைப்பல்லின் கோணமும் வேறு. ஒன்றில் மற்றதை முறுக்கினால் முதலில் இறுகியதாகத் தோன்றி, பின்னர் கசியும். மரையில் சுற்றும் வெள்ளை டேப்பின் துணுக்குகள், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை அடைத்துவிடும் என்பதால், பெட்ரோலைத் தாங்கும் திரவ சீலன்ட்டையே பயன்படுத்துங்கள். சென்சாரை ரெயிலின் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயின்) மீது நேராக நிறுத்தினால் அதிர்வில் மரைக்கழுத்து முறியக்கூடும். எனவே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தர எரிபொருள் குழாயின் வழியே தீச்சுவரில் (இயந்திரத்துக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்பில்) உறுதியாகப் பிணைத்து, எக்ஸாஸ்டின் வெப்பத்திலிருந்து விலக்கி வையுங்கள்.

அடுக்குமாடிக் கார்ப்பேட்டையில் இந்த வேலை வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கூரையின்கீழ் தாழ்வான இடங்களில் தேங்கும். காற்றோட்டமுள்ள பட்டறையில், உலர்தூள் தீயணைப்பான் அருகிலிருக்க, பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இயந்திரத்தை அது தானாக அணையும்வரை ஓடவிட்டு, அது ஆறியபின் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றியே குழாயில் கை வைக்க வேண்டும். பொருத்தியபின் இயந்திரத்தைக் கிளப்பாமல் பம்பை மட்டும் இயக்கி, ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த தாளால் துடைத்துப் பாருங்கள்.

மறுமொழி (தோ பாயோ வாசகர்):

ஐயா கூறிய பாதுகாப்பு முறைகள் அனைத்தும் சரியே. ஆயினும், நோய் தெரியுமுன் நிரந்தரமாகப் பொருத்துவது வீண்செலவு என்பது என் கருத்து. பட்டறையில் தற்காலிகச் சோதனை மானியை இணைக்கச் சொல்லுங்கள். எரிபொருள் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாய் (இன்டேக்கோடு, அதாவது இயந்திரத்துக்குக் காற்று செல்லும் வழியோடு, இணைவது) இணைந்திருக்கையில் ஐடிலில் (கார் நின்றபடி இயந்திரம் மெதுவாக ஓடுகையில்) சுமார் 2.5 பாரும், அதைக் கழற்றினால் ஏறத்தாழ 3 பாரும் இருப்பது வழக்கம். உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. அணைத்தபின் அழுத்தம் மளமளவென்று வீழ்ந்தால், ரெயிலில் உள்ள பெட்ரோல் சூட்டில் ஆவியாகி, நீங்கள் கூறும் தொல்லையே வரும். அப்போது பெட்ரோல் பின்னோக்கி வழியாமல் தடுக்கும் பம்பின் தடுப்பு வால்வு, ரெகுலேட்டர், சொட்டும் இன்ஜெக்டர் ஆகிய மூன்றையும் ஐயப்பட வேண்டும்.

கேட்டவர்:

நன்றி. இன்று சோதித்தார்கள். ஓடும்போது அழுத்தம் சரியாக இருக்கிறது, அணைத்ததும் விரைவில் வீழ்கிறது. வெற்றிடக் குழாயைக் கழற்றியபோது உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தது.

மறுமொழி (பட்டறை நடத்துபவர்):

அப்படியென்றால் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்திருக்கிறது. பெட்ரோல் அவ்வழியே நேராக இன்டேக்கினுள் இழுக்கப்படுகிறது. இதைச் சரிசெய்யும்வரை காரை ஓட்டாதீர்கள். புதிய ஓ-வளையத்துடன் ரெகுலேட்டரை மாற்றுங்கள். இயந்திர எண்ணெயில் பெட்ரோல் வாடை அடித்தால் அதையும் மாற்றிவிடுங்கள். பின்னர் அதே சோதனையைத் திரும்பச் செய்து, அணைத்தபின்னும் அழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், டாஷ்போர்டு மானி உங்களுக்குத் தேவையே இல்லை.